பிரெண்டலின் பெயரையும் எழுதுங்கள்

அறிவொளிக் காலத்தைப் பாடநூலாக எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 1784-இல் பெர்லின் மாத இதழ் ஒன்றில் ‘அறிவொளி என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு யூதத் தத்துவஞானி மோசஸ் மெண்டல்சோனும் ஜெர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ட்டும் விடை எழுதியதை நீங்கள் தவறாமல் சொல்கிறீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு மெண்டல்சோனின் மூத்த மகள் பிரெண்டல், அப்பா பார்த்துவைத்த வங்கியாளர் சீமோன் ஃபைட்டுக்கு 18 வயதில் வாழ்க்கைப்பட்டார். அதையும் அதே பக்கத்தில் சேருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பிரெண்டல் அந்த மணவாழ்வை 1799-இல் முறித்துக்கொண்டார். மறுமணம் செய்யக்கூடாது, மதம் மாறக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் இளைய மகன் அவரிடம் விடப்பட்டான். பிள்ளையைக் காட்டி ஒரு தாயைக் கட்டிப்போட்ட நிபந்தனை அது. டொரோத்தேயா என்று தானே பெயர் சூட்டிக்கொண்டு, ‘ஃபுளோரென்டின்’ என்ற நாவலை எழுதினார். 1801-இல் அது வெளிவந்தபோது முகப்பில் அவர் பெயர் இல்லை. பதிப்பாசிரியர் என்று காதலர் ஃபிரீட்ரிக் ஷ்லேகலின் பெயர் இருந்தது. அவரை மணக்க 1804-இல் ஞானஸ்நானம் பெற்றார்.

யூத எழுத்தாளர் ராகேல் லெவினை, ‘சலோன் (வீட்டில் கூடிப் பேசும் அவை) நடத்திய சீமாட்டி’ என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். பெர்லின் யேகர் தெருவில் அவர் வீட்டு மாடியில் இளவரசரும் நடிகையும் அறிஞர்களான ஹும்போல்ட் சகோதரர்களும் சரிசமமாக உட்கார்ந்து பேசினார்கள். 1806-இல் நெப்போலியன் படை நகருக்குள் வந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது. 1811-இல் அதே நகரத்து எழுத்தாளர்கள் ஒரு விருந்துக் கழகம் தொடங்கினார்கள். பெண்களுக்கு அங்கே இடமில்லை. ஆண்களிலும் கிறிஸ்தவராகப் பிறந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. பிறப்பையே கேட்ட அந்த வாசலில் ஞானஸ்நானம் எதற்கு உதவும்? 1814-இல் ராகேலும் அதைப் பெற்றார், கிறிஸ்தவரான ஃபார்ன்ஹாகனை மணப்பதற்குச் சில நாட்கள் முன்பு. யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் திருமணம் நடக்க பெர்லினைத் தலைநகராகக் கொண்ட அன்றைய பிரஷ்ய அரசில் வேறு வழி கிடையாது. யூதப் பெண்ணாகப் பிறந்ததை வாழ்நாளெல்லாம் இழிவாக எண்ணியவர், மரணப்படுக்கையில் அந்தப் பிறப்பை எதற்காகவும் இழக்க விரும்பமாட்டேன் என்று சொன்னதாகக் கணவரே பதிவு செய்திருக்கிறார். இதையெல்லாம் விட்டுவிட்டு, மதமாற்றத்தை விடுதலை என்று எப்படி எழுதுவது?

மதம் மாறாமலே வாழ்ந்த யூதப் பெண்களும் உண்டு. வியன்னாவில் ஃபானி ஃபொன் ஆர்ன்ஷ்டைன். பெர்லினில் அவர் தங்கை சாரா லெவி. சாரா, இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாஹின் மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமனிடம் ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகை இசைக்கருவியைக் கற்றவர். பாஹ் குடும்பத்தின் இசை மங்கிக்கிடந்த நாட்களில் அதைத் தேடிச் சேர்த்தார். பெர்லினின் சிங் அகாடமி என்ற இசைச் சங்கத்தின் மேடையில் தானே வாசித்தார். நீங்களோ அவரை மோசஸின் பேரனான இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோனுடைய பாட்டியின் தங்கை என்றே அறிமுகப்படுத்துகிறீர்கள்.

சாரா அந்த அகாடமிக்குக் கொடுத்த இசைச் சுவடிகள் இரண்டாம் உலகப் போரில் காணாமல் போயின. 1999-இல் கீவ் நகரில் அகப்பட்டு, 2001-இல் பெர்லினுக்குத் திரும்பின. சுவடிகளே வீடு வந்து சேர்ந்துவிட்டன. அடுத்த பதிப்பில் அவற்றைச் சேர்த்தவரையும் அவர் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகி