வண்டி கைமாறினால் பொறுப்பும் கைமாறிவிடுமா?

மன்னார்குடி

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியானேன். இங்கே குறுவை அறுவடை தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் தண்ணீருக்குக் குறையில்லை. கடைமடையில்தான் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். சின்னவன் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

உன் அண்ணன் மகன் விபத்துச் செய்திதான் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. வேளாங்கண்ணி ரோட்டில் புளியமரத்தில் நேருக்கு நேர் மோதியும் ஏர்பேக் விரியவில்லை. பையன் இரண்டு விலா எலும்பு முறிவோடு தப்பியது பெரிய விஷயம். "பத்து வருஷ வண்டி, மூணாவது கை. இதுக்குப் போய்க் கம்பெனியைக் கேட்க முடியுமா? வாங்கினவன் பாடுதான்" என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நீயும் அதுவே சரி என்பதுபோல் எழுதியிருக்கிறாய். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

வைத்திருப்பவனுக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்லவில்லை. நம் பக்கத்தில் நடப்பதைத்தான் தினமும் பார்க்கிறோமே. மொட்டை டயரோடு ஓட்டுகிறார்கள். ஐந்து பேர் வண்டியில் ஒன்பது பேர் திருநள்ளாறு போகிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும் என்றால் சிரிக்கிறார்கள். வேதாரண்யம் உப்புக்காற்றில் அடிப்பாகம் துருவேறுவதை யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. முன் பம்பரில் இரும்புத் தடுப்புக் கம்பி (கிராஷ் கார்டு) மாட்டினால் மோதலின் தாக்கம் ஏர்பேக் சென்சாருக்குச் சரியாகப் போகாது. 2017-லேயே அதைத் தடை செய்தும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருளை மாற்றியமைத்தோ தவறாகப் பயன்படுத்தியோ தீங்கு வந்தால், விற்றவர் மேல் வழக்குப் போட முடியாது என்கிறது. அது நியாயம்தான்.

ஆனால் வடிவமைப்பிலேயே இருக்கிற கோளாறு வேறு. அதை எந்த மெக்கானிக்கும் குனிந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் சாவி போடும் சுவிட்ச் தளர்வாக இருந்தது. சாவிக்கொத்தின் கனத்திலோ, ஒரு குலுங்கலிலோ அது தானாகத் திரும்பி, ஓடுகிற வண்டியில் எஞ்சின் நின்றுவிடும், ஏர்பேக்கும் வேலை செய்யாது. அந்தக் கம்பெனியே ஏற்படுத்திய இழப்பீட்டு நிதி 124 பேரின் சாவை இதனால் நேர்ந்ததாக ஏற்றுக்கொண்டது. கம்பெனிக்குள் சிலருக்குப் பல வருஷமாகத் தெரிந்திருந்தும், 2014-ல்தான் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். சரிசெய்யும் வரை சாவியை மட்டும் தனியாகப் போட்டு ஓட்டுங்கள் என்று அப்போது சொன்னார்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஒரு சாமி டாலர் எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோப்பது உலகத்தில் எல்லாரும் செய்வது. அதைத் தாங்காத சுவிட்சைச் செய்தவன்தான் குற்றவாளி, வளையத்தில் கோத்தவன் இல்லை.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது டகாட்டா கதை. அந்த ஜப்பான் நிறுவனத்தின் ஏர்பேக்கில் பையை ஊதவைக்கும் மருந்து அம்மோனியம் நைட்ரேட். வெக்கையும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் வருஷக்கணக்கில் அது நொறுங்கிவிடும். அப்புறம் மோதும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து உலோகக் கூட்டையே வெடிக்கவைக்கும். காப்பாற்ற வேண்டிய பையிலிருந்து இரும்புத் துண்டுகள் முகத்துக்கு வரும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளை மாற்ற வேண்டியதாயிற்று. 2017-ல் கம்பெனியே திவாலானது. புளோரிடா மாதிரி புழுக்கமான கடலோரத்து வண்டிகளைத்தான் முதலில் மாற்றச் சொன்னார்கள். நாகப்பட்டினத்துப் புழுக்கம் அதற்குக் குறைந்ததா? நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். மூட்டை நெல்லுக்குப் பார்க்கிற ஈரத்தை முகத்துக்கு நேரே வைக்கிற வெடிமருந்துக்குப் பார்க்கவில்லை.

இந்தியாவிலும் ஹோண்டா உட்படச் சில கம்பெனிகள் வண்டிகளை அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தன. ஆனால் எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். கம்பெனி தகவல் அனுப்புவது தன்னிடமிருக்கிற முகவரிக்கு. அது பெரும்பாலும் ஷோரூமில் வாங்கிய முதல் ஆள். சென்னையில் ஐந்து வருஷம் ஓடி, கும்பகோணத்தில் ஒரு புரோக்கர் வழியாகக் கைமாறி, திருத்துறைப்பூண்டிக்கு வந்துசேர்ந்த வண்டிக்கு அந்தக் கடிதம் எப்படி வரும்? இப்போது யார் பெயரில் வண்டி இருக்கிறது என்பது ஆர்.டி.ஓ. பதிவில் இருக்கிறதே. அதைப் பார்த்துத் தேடிவந்து சொல்வதும் செய்தவன் கடமைதான். மகள் வீட்டில் வாங்கிய பழைய காருக்கு இப்படித்தான் ஒரு மாற்று வேலை பாக்கி இருந்தது. கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரியவந்தது.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் திருத்தம் வந்து, 2021 ஏப்ரலிலிருந்து கோளாறான வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி அரசே கட்டாயப்படுத்தலாம், அபராதமும் போடலாம் என்றானது. நல்ல விஷயம். ஆனால் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அது. டகாட்டா மாதிரியான கோளாறு வண்டிக்கு வயதாக ஆகத்தானே கூடுகிறது? புது வண்டி வாங்க முடிந்தவனுக்குப் பாதுகாப்பு, பழையதை வாங்குகிற விவசாயிக்கு இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? அமெரிக்காவில் 15 வருஷம் வரை இலவசமாகச் சரிசெய்து தந்தாக வேண்டும்.

அண்ணனிடம் இதையும் சொல். ஹூண்டாய் கிரெட்டா ஒன்றில் ஏர்பேக் விரியாத வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எந்த வேகத்தில், எந்த விசையில் மோதினால் பை விரியும் என்று கணக்குப்போட வாங்குகிறவன் இயற்பியல் நிபுணனாக இருக்க வேண்டியதில்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

அதற்காகக் கம்பெனி மேல்தான் தப்பு என்று நான் இப்போதே முடிவுகட்டவில்லை. முந்தைய ஆள் எங்கேயோ மோதி, விரிந்த பைக்குப் பதில் வெறும் மூடியை ஒட்டி விற்றிருக்கலாம். சாவியைத் திருப்பினதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பையன் கவனித்திருக்கிறானா, கேள். எதுவானாலும் ஒரு நிபுணர் பார்த்து எழுதிக்கொடுக்கும் வரை வண்டியைப் பழைய இரும்புக்குப் போட விடாதே, பட்டறையிலும் பிரிக்க விடாதே. நாலு பக்கமும் போட்டோ எடுத்து வை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை.

ஆர்.சி.யில் இருக்கிற சேசிஸ் நம்பரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பாக்கி மாற்று வேலை ஏதாவது இருக்கிறதா என்று நானே பார்த்துச் சொல்கிறேன். பையனுக்குக் கட்டுப் பிரித்ததும் ஒரு வரி எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜேந்திரன்