பெட்டியைப் பிள்ளையே அடுக்கட்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களின் பட்டியல் ஒட்டிய நாளிலிருந்து பள்ளி அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. அங்கே என்ன பாடம், தேர்வு எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. "என்னென்ன கொடுத்து அனுப்பணும்?" என்பதுதான் எல்லார் வாயிலும். ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட ஒரே கடிதமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். பெட்டியை நீங்கள் அடுக்காதீர்கள். பிள்ளை அடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கை துறுதுறுக்கும், தெரியும். அம்மா அடுக்கிய பெட்டியில் எது எந்த மூலையில் இருக்கிறது என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். போய் இறங்கிய இரவில், தூக்கக் கலக்கத்தோடு சார்ஜரைத் தேடப்போவது பிள்ளை. இன்னொரு காரணமும் உண்டு. பல விமான நிலையங்களில் பெட்டியை ஒப்படைக்கும்போது, "இதை நீயே அடுக்கினாயா? யாராவது எதையாவது கொடுத்துவிட்டார்களா?" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் உங்கள் பிள்ளை தயங்காமல் உண்மையைச் சொல்ல முடிய வேண்டும். ஆகவே அந்த ஊரில் இருக்கும் உறவினருக்கு, நண்பரின் மகனுக்கு என்று ஒட்டிய பார்சல் எதையும் தலையில் கட்டாதீர்கள். கேட்பவர்களிடம் "தலைமையாசிரியர் கூடாதென்று சொல்லிவிட்டார்" என்று என் மேல் பழி போடுங்கள், பரவாயில்லை.

முன்பொருமுறை ஒரு மாணவனின் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். ஆறு பற்பசை, இரண்டு டஜன் பேனா, பிரிக்காத சோப்புக் கட்டு, மூன்று போர்வை. அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. மருந்துச் சீட்டு எங்கே என்றால், வீட்டு அலமாரியில் இருக்கிறது என்றான். பற்பசை உலகத்தில் எல்லா ஊரிலும் கிடைக்கும். உங்கள் மருத்துவர் எழுதிய சீட்டு அங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. எதை எடுப்பது, எதை விடுவது என்று குழப்பம் வரும்போதெல்லாம் இதைக் கேட்டுப் பார்த்தால் போதும்: போன இடத்தில் இது கிடைக்குமா? கிடைக்கும் என்றால் பெரும்பாலும் வேண்டாம்.

கிடைக்காதவை எல்லாம் கைப்பையில் போக வேண்டும். பாஸ்போர்ட், விசா, அங்குள்ள பள்ளியின் சேர்க்கைக் கடிதம், காப்பீட்டுத் தாள், பயணச்சீட்டு. அமெரிக்காவுக்குப் பரிமாற்ற விசாவில் போகிறவர்களுக்கு டிஎஸ்-2019 என்ற படிவமும் உண்டு. குடிவரவு அதிகாரியிடம் அதைக் காட்ட வேண்டும் என்பதால் பெரிய பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை பெற்றோர் இல்லாமல் பயணம் செய்தால், இரு பெற்றோரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தைச் சில நாடுகளும் விமான நிறுவனங்களும் கேட்கின்றன. நோட்டரி முத்திரையோடு வைத்துக்கொள்வது நல்லது. தங்கப்போகும் வீட்டின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். "போன்ல இருக்கே" என்பார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் சார்ஜ் தீரும்.

பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துக் கடைசித் தேதியைப் பாருங்கள். பல நாடுகள், தங்கும் காலம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டையே ஏற்கின்றன. எல்லாத் தாளுக்கும் ஜெராக்ஸ் எடுத்து, ஒரு தொகுப்பு பெரிய பெட்டியில், ஒன்று உங்களிடம், ஸ்கேன் செய்தது மின்னஞ்சலில். பாஸ்போர்ட் அளவுப் படங்களும் சில தேவைப்படும். அங்கே போனபின் குடியிருப்பு அனுமதிக்கோ பேருந்து அட்டைக்கோ கேட்பார்கள். அளவு நாட்டுக்கு நாடு மாறும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்கும் பிரிட்டனுக்கும் 35க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு 2 அங்குலச் சதுரம்.

கைப்பையிலேயே ஒரு மாற்றுடையும், பல்துலக்கியும், மருந்துகளும் இருக்கட்டும். பிள்ளை ஒரு விமானத்திலும் பெட்டி அடுத்த விமானத்திலும் வந்து சேர்வது அடிக்கடி நடப்பதுதான். பெட்டி வரவில்லை என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள பெட்டி விசாரணைக் கவுண்டரில் எழுதிக் கொடுத்துப் புகார் எண் வாங்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். போர்டிங் பாஸோடு ஒட்டித் தரும், பெட்டியின் எண் உள்ள சின்னச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது. பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். பூட்டுவதற்கு முன் திறந்த பெட்டியை ஒரு படம், மூடிய பெட்டியை ஒரு படம் எடுத்துக்கொண்டால் அப்போது கைகொடுக்கும்.

மருந்து பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் அதிகம் தடுமாறுவது இதில்தான். நம் வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் மாத்திரை, போகும் நாட்டில் தடை செய்யப்பட்டதாக இருக்கலாம். ஏடிஎச்டி என்ற கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஆம்பெட்டமின் உள்ளவற்றை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே கூடாது. மருத்துவர் சீட்டு இருந்தாலும் அனுமதி இல்லை. சளி, மூக்கடைப்பு மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதற்கும் அங்கே இடமில்லை. கோடீன் கலந்த இருமல் மருந்து ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. போகும் நாட்டின் தூதரக இணையதளத்திலோ சுகாதாரத் துறை இணையதளத்திலோ ஒவ்வொரு மருந்தின் பெயரையும் போட்டுப் பாருங்கள். எத்தனை நாளுக்கான மருந்து கொண்டுவரலாம் என்பதற்கும் பல நாடுகளில் வரம்பு உண்டு. பருவம் முழுவதற்கும் அள்ளிக் கொடுத்துவிட முடியாது.

மருந்து அதன் சொந்த அட்டையில், சொந்தப் பெட்டியில் இருக்கட்டும். இடம் மிச்சமாகும் என்று எல்லாவற்றையும் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். சோதனை அதிகாரிக்கு அது பெயர் தெரியாத மாத்திரைக் குவியல். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் அளவும் வேண்டும், ஏனென்றால் கம்பெனிப் பெயர் எல்லை தாண்டினால் உதவாது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்; சரக்குப் பகுதிக் குளிரில் உறைந்தால் பிறகு அது பயன்படாது. இன்ஹேலரும், ஒவ்வாமைக்கான ஊசியும் அப்படியே. கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி பல விமான நிலையங்களில் இருந்தாலும், தேவையான மருந்துக்கு விலக்கு உண்டு. சோதனையில் முதலிலேயே எடுத்துக் காட்டிவிட வேண்டும்.

கண்ணாடி போடும் பிள்ளைக்கு இன்னொரு கண்ணாடியும் பவர் எழுதிய சீட்டும். பெண் பிள்ளைகளுக்கு முதல் மாதத்துக்கான நாப்கின். வந்த இடத்தில் முதல் வாரமே கடை தேடி அலைய வைக்க வேண்டாம். தடுப்பூசி அட்டை. பல் மருத்துவரிடம் இப்போதே ஒருமுறை காட்டிவிடுங்கள். பயணக் காப்பீடுகள் பலவற்றில் பல் சிகிச்சை சேராது, அவசர வலி மட்டுமே சேரும்.

பவர் பேங்க் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். அதைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில் மட்டும்தான். பேட்டரி தேக்கி வைக்கும் மின்சக்தி 100 வாட்-ஹவர் வரை இருந்தால் பொதுவாகத் தடையில்லை. மேலே 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 74 வாட்-ஹவர். இந்தக் கணக்கை உங்கள் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். இயற்பியல் ஆசிரியர் மகிழ்வார். எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கைச் சில இடங்களில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் புசானில் புறப்படவிருந்த விமானம் ஒன்று தீப்பற்றியபோது, பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. அதன்பின் பல விமான நிறுவனங்கள் அதைத் தலைக்கு மேலுள்ள அறையில் வைக்கவோ பறக்கும்போது பயன்படுத்தவோ கூடாது என்கின்றன. இடமில்லை என்று விமான வாசலில் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்புவதும் உண்டு. அப்போது பவர் பேங்க், மருந்து, தாள்கள் மூன்றையும் உருவி எடுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். அதனால் இவை மூன்றும் கைப்பைக்குள் ஒரு சிறு பையில் தனியாக இருக்கட்டும்.

சார்ஜரின் முதுகில் "100-240V" என்று இருந்தால் அந்த நாட்டுக்கான பிளக் அடாப்டர் ஒன்று போதும். தலைமுடி உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி போன்ற சூடாகும் சாமான்கள் பெரும்பாலும் ஒரே மின்னழுத்தத்துக்குச் செய்தவை. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230. வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

துணிமணி ஒரு வாரத்துக்கு. ஒரு பருவத்துக்கு அல்ல, ஒரு வாரத்துக்கு, துவைத்துப் போட்டுக்கொள்ளட்டும். துவைக்கத் தெரியாதென்றால் அதையும் இந்த மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். தடித்த ஒரே உடையைவிட ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் மெல்லிய உடைகள் நல்லவை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அர்ஜென்டினா போகிறவர்களுக்கு ஜூலை என்பது குளிர்காலம். கனத்த குளிர் கோட்டை அங்கேயே வாங்கலாம், அல்லது தங்கும் வீட்டில் இரவல் கிடைக்கும். அந்தக் குளிருக்கு எது தாங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். புதுச் செருப்பு, புது ஷூ எதுவானாலும் இப்போதே போட்டு நடந்து பழக்கட்டும். போர்வை, துண்டு, தலையணை தேவையா என்று தங்கும் வீட்டாரிடம் கேட்க வேண்டும். பிள்ளையே எழுதிக் கேட்கட்டும், நீங்கள் கேட்க வேண்டாம்.

வீட்டில் செய்த தின்பண்டம் அனுப்பாமல் உங்களால் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பாலும் சேர்ந்த பண்டங்களைக் கொண்டுவரப் பொதுவாக அனுமதியில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எந்த உணவையும் வருகைப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். மறைத்தால் அங்கேயே அபராதம். குறிப்பிட்டால் அதிகபட்சம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுப்பதாக இருந்தால் கொஞ்சமாக, பெயரும் சேர்மானமும் அச்சிட்ட உறையில் கொடுங்கள்.

பணத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வங்கி அட்டைக்கான ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது என்று பாருங்கள். அங்கே போய் சிம் மாற்றினால் அந்த எண் செயலிழந்து, அட்டை கையிலிருந்தும் பணம் எடுக்க முடியாமல் போகும். வங்கியில் இப்போதே பேசி வையுங்கள்.

எடை வரம்பு உங்கள் பயணச்சீட்டிலேயே அச்சாகியிருக்கும். பல நிறுவனங்களில் பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. சிலவற்றில் இதைவிடக் குறைவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள். ஆனால் என் கணக்கு வேறு. அடுக்கி முடித்த பெட்டியை யார் துணையும் இல்லாமல் பிள்ளை இரண்டு மாடி ஏற்ற வேண்டும். ஏற்ற முடியாவிட்டால், தராசு என்ன காட்டினாலும் அது கனம்தான். திரும்பும்போது புத்தகமும் நினைவுப் பொருளும் சேரும் என்பதால் பெட்டியில் கால் பங்கு காலியாகவே போகட்டும்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை, அடுக்கிய பெட்டியோடும் கைப்பையோடும் பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டும். தேதியை அலுவலகம் தெரிவிக்கும். மாடி அரங்கில்தான் கூட்டம். லிஃப்ட் அன்று நிறுத்தி வைக்கப்படும். இன்ஹேலர் எங்கே, சேர்க்கைக் கடிதம் எங்கே, தங்கும் வீட்டின் எண் என்ன என்று நான் கேட்பேன். பதிலைப் பிள்ளை சொல்ல வேண்டும். பின்வரிசையிலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. வரும்போது நோட்டரி முத்திரையிட்ட ஒப்புதல் கடிதத்தின் நகலையும் மருத்துவர் கடிதத்தின் நகலையும் அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். தராசு பள்ளியில் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்