மோர்க்கார அக்காவுக்கும் கூட தேடின எல்லாருக்கும் நன்றி

வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்துல வழி தவறிக் காணாமப் போன எங்கம்மா வீடு வந்து சேர்ந்துட்டாங்க. கஞ்சி குடிச்சாங்க, இப்ப தூங்குறாங்க. என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும், நீங்கதான் ராத்திரி பூரா அந்த போட்டோவ குரூப் குரூப்பா அனுப்பிக்கிட்டு இருந்தீங்க, அதனால அத மறுபடி எழுதல, எழுத கையும் வரல. நன்றி சொல்லணும், அதுக்குத்தான் இது.

மொதல்ல அந்த மோர்க்கார அக்காவுக்கு. பேரப் போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, போட்டோவும் வேணாம்னுட்டாங்க, அதனால அக்கான்னே எழுதுறேன். வேளாங்கண்ணில மாதா குளத்துக்குப் போற மணல் பாதை இருக்குல்ல, ஜனங்க முட்டி போட்டு நகர்ந்துகிட்டே நேர்த்திக்கடன் செலுத்துற எடம், அதுக்கு ஓரமா ஒரு மண்பானை, சுத்தி ஈரத்துணி, கொஞ்சம் டம்ளர், அவ்ளோதான் அவங்க கடை. அம்மா செருப்பில்லாம அங்க போய் நின்னுருக்காங்க. கைல காசு இல்ல, ஊர் பேரு சொல்லத் தெரியல. நின்னு என்ன கேட்டுருக்காங்க தெரியுமா? "புள்ள பசியா இருக்கான்மா, அவனுக்குக் கொஞ்சம் மோர் குடு"ன்னு. நான் இன்னும் அவங்க இடுப்புல இருக்குற புள்ளன்னு நெனப்பு. நாப்பது வயசு தாண்டின என்னத்தான் சொல்லிருக்காங்க.

அந்த ஊர் கதை தெரிஞ்சவங்களுக்கு இதப் படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கும். தெரியாதவங்களுக்காக சொல்றேன். நடுத்திட்டுன்னு ஒரு எடம், அங்க ஒரு ஆலமரம், அதுக்கடில நடக்க முடியாத ஒரு பையன் வழிப்போக்கருக்கு மோர் வித்துகிட்டு இருப்பான். விதவைத் தாயோட புள்ள. ஒரு நாள் கைக்குழந்தையோட ஒரு அம்மா வந்து, என் குழந்தைக்கு மோர் குடுன்னு கேட்டாங்களாம், இவனும் குடுத்தான். நாகப்பட்டினத்துல இருக்குற ஒரு பணக்காரக் கத்தோலிக்கர்கிட்ட போய் இங்க எனக்கொரு கோயில் கட்டச் சொல்லுன்னு அந்தம்மா சொன்னதும் இவன் எந்திரிச்சு ஓடிருக்கான், ஓடும்போதுதான் தன்னோட காலு சரியானதே அவனுக்குத் தெரிஞ்சுருக்கு. அப்படி ஒரு கூரைக்கோயில் வந்துச்சு. அப்புறம் புயல்ல சிக்கின போர்ச்சுக்கீசிய மாலுமிங்க செப்டம்பர் 8 மாதா பொறந்தநாள் அன்னிக்கு அந்தக் கரையில உயிரோட ஒதுங்கி, அந்தக் கூரையக் கல்கட்டடமா மாத்துனாங்கன்னு சொல்லுவாங்க. இதெல்லாம் 16, 17ஆம் நூற்றாண்டுக் கதை, வாய்வழியா வந்தது.

எனக்கு அந்தக் கதைல எப்பவுமே பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. நாமதான் மாதாகிட்ட போய் அது வேணும் இது வேணும்னு கேப்போம். இதுல மாதா வந்து கேக்குறாங்க, அதுவும் ஒண்ணுமில்லாத ஒரு பையன்கிட்ட.

அக்கா குடுத்தாங்க. அம்மாவுக்கு ஒரு டம்ளர் குடுத்து, "புள்ளைக்கு"ன்னு ஒரு பாட்டில்லயும் ஊத்திக் குடுத்துருக்காங்க. அம்மா கண்ணப் பாத்ததும் புரிஞ்சுருக்கு, இவங்க வழி தவறி வந்தவங்கன்னு. தன்னோட சாக்க விரிச்சு உக்கார வச்சு, கால் கழுவிவிட்டு, பக்கத்துக் கடைக்காரர அறிவிப்பு சொல்ற எடத்துக்கு அனுப்பிட்டு, பானைய மூடிட்டாங்க. வருஷத்துல நாலு காசு பாக்குறதே இந்தத் திருவிழால தான், அன்னிக்கு யாவாரத்த அப்படியே விட்டுட்டு எங்கம்மா கையப் புடிச்சுகிட்டு உக்காந்துருந்தாங்க, எந்திரிச்சா அம்மாவும் எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு.

நான் ஓடிப்போய் நின்னப்ப அம்மா அந்தப் பாட்டில நீட்டி "குடிடா"ன்னாங்க. குடிச்சேன். பச்ச மிளகா, பெருங்காயம், கறிவேப்பில, நல்ல உப்பு.

காசு குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாங்க. "நாங்க மாரியம்மனக் கும்புடுறவங்க தம்பி, ஆனா இந்த மண்ணுல பொழப்பு நடத்துறோம், இங்க வந்து புள்ளைக்கு மோர் குடுன்னு ஒருத்தர் கேட்டா எப்படி இல்லேங்குறது, யாருன்னு நமக்கென்ன தெரியும்"னாங்க.

சின்ன வயசுலேர்ந்து அந்த ஊருக்குப் போறேன். ஆகஸ்ட் 29 கொடியேத்தம், காவி கட்டிகிட்டு மெட்ராஸ்லேர்ந்தும் பெங்களூர்லேர்ந்தும் நடந்தே வர்ற கூட்டம், மொட்ட போடுறவங்க, தென்னங்கன்னு கொண்டாந்து வைக்கிறவங்க, வெள்ளில கை கால் தொட்டில் வாங்கிக் காணிக்க போடுறவங்க, பட்டுச்சேல கட்டுன மாதா. கோவாக்காரங்க கொங்கணில ஜெபிப்பாங்க, பக்கத்துல துப்பட்டா போட்ட முஸ்லிம் அம்மா நிப்பாங்க, குங்குமம் வச்ச அக்கா மெழுகுவத்தி ஏத்துவாங்க. 1962ல போப் 23ஆம் ஜான் அந்தக் கோயிலுக்கு பசிலிக்கான்னு, அதாவது பேராலயம்னு, அந்தஸ்து குடுத்தாரு. பெசன்ட் நகர்ல ஒரு கோயில், இன்னும் எந்தெந்த நாட்டுலயோ அதே ஆரோக்கிய மாதா பேர்ல கோயில். ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரின்னு எங்க குடும்பத்துலயே ஒவ்வொரு தலைமுறைலயும் உண்டு. புதுமையோட, அதாவது மாதா செஞ்ச அற்புதத்தோட, பெருமைன்னா இதத்தான் நான் நெனச்சுகிட்டு இருந்தேன். ஞானஸ்நானமே வாங்காத ஒரு அக்கா அந்தப் பையனோட எடத்துல தினம் உக்காந்துருக்காங்க, கேட்டா இல்லேன்னு சொல்லக்கூடாதுங்குறத அந்தக் கதைலேர்ந்து எடுத்துகிட்டாங்க. இது என் நெஞ்சுக்கு அந்தக் கோபுரத்தவிடப் பெருசா தெரியுது.

நூத்துக்கணக்கான வருஷம் முன்னாடி ஒரு பையன் குடுத்த மோர்தான் எங்கம்மாவக் காப்பாத்துச்சுன்னு நான் நம்புறேன். அதப் புதுமைன்னு சொல்லலாமா கூடாதான்னு சாமியாருங்க சொல்லட்டும்.

மத்த எல்லாருக்கும் சேத்து ஒரே கும்புடு. மைக்ல தமிழ்லயும் மலையாளத்துலயும் தெலுங்குலயும் சொல்லிகிட்டே இருந்தவங்க, பூத்ல இருந்த போலீஸ் அக்காங்க, காசு வாங்காம தெருத்தெருவா சுத்துன நாகூர் ஆட்டோ பாய், ரூம் காலி பண்ண வேண்டிய நேரம் போயும் ஒண்ணும் கேக்காத லாட்ஜ் அண்ணன். முக்கியமா, கடக்கரைப் பக்கம் டார்ச் எடுத்துகிட்டுப் போன மீனவத் தம்பிங்க. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னிக்கு அந்தக் கரையில எத்தன யாத்ரீகருங்க போய்ச் சேந்தாங்கன்னு தெரிஞ்ச யாருக்கும், ராத்திரில அந்தப் பக்கம் தேடணும்னா கால் வராது. எனக்கு வரல. அவங்க போனாங்க. வாட்ஸப்ல பார்வர்ட் பண்ணவங்க, உபவாசம் இருந்தவங்க, ஒத்த வார்த்த "கெடச்சிடுவாங்க"ன்னு போட்டவங்க, ஒருத்தரையும் மறக்கல, பேர் விட்டுப்போச்சுன்னு கோவப்படாதீங்க.

ஒரு நேர்ச்ச வச்சிருக்கேன், எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா மாறமாட்டேன். அடுத்த வருஷம் கொடியேத்தத்துலேர்ந்து செப்டம்பர் 7 பெரிய தேர் வரைக்கும், நாகப்பட்டினத்துலேர்ந்து வர்ற ரோட்டுல, நடந்து வர்றவங்களுக்கு மோர்ப்பந்தல் போடுறேன். அக்காவோட யாவாரத்துக்குக் கொறையாத மாதிரி ஊருக்கு வெளிய தள்ளித்தான். அவங்ககிட்டயே கேட்டு, உப்பு, பெருங்காயம் அளவெல்லாம் எழுதி வாங்கிட்டேன். தயிருக்குப் பேசியாச்சு, பானை டம்ளர் நான் பாத்துக்குறேன். பந்தல்ல நின்னு ஊத்திக் குடுக்க ஆள் வேணும், வர முடிஞ்சவங்க எந்த மதமா இருந்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க.