கோட்டைத் தொட இன்னும் நாள் இருக்கிறது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலில் வலியே இல்லை என்றும், அடுத்த மாதக் கபடிப் போட்டியில் ஓர் ஆட்டத்திலாவது பாடிப் போக வேண்டும் என்றும் நேற்று தொலைபேசியில் நீ சொன்னபோது, உன் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு உடனே மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. இரவெல்லாம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். நீ போகக் கூடாது.

அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது. பாடிவிட்டுத் திரும்பும் வேளையில், யாரும் பிடிக்காமலேயே, பாதம் ஊன்றி நிற்க உடம்பு மட்டும் திரும்பியதால் கிழிந்த ஜவ்வு அது. அதற்குப் பதிலாக உன் பின்தொடையிலிருந்து தசைநாரை எடுத்து மூட்டுக்குள் பொருத்தியிருக்கிறார்கள். இடம் மாறிய அந்த நாருக்குத் தொடக்கத்தில் இரத்த ஓட்டம் கிடையாது. புதிய இரத்தக் குழாய்கள் மெல்ல அதற்குள் வளர்ந்து, அது ஜவ்வாகவே மாறி உறுதிப்பட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இடையில் முதல் சில மாதங்களில், பொருத்திய நாளில் இருந்ததைவிட அது பலவீனமாகிவிடுகிறது. வீக்கம் வடிந்து வலி நிற்பதும் அந்த மாதங்களில்தான். நம் வயலில் நாற்றைப் பிடுங்கி நட்டால், பச்சை பிடிக்கும் வரை வெளுத்து நிற்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். வயலில் அது கண்ணுக்குத் தெரியும். மூட்டுக்குள் நடப்பது தெரியாது.

எனக்குக் கைப்பயிற்சி சொல்லித்தந்த பிசியோதெரபிப் பெண்ணிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட நூற்றுக்குச் சற்று அதிகமானோரைத் தொடர்ந்து கவனித்து, நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், முழங்கால் மீண்டும் காயப்படும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாம். மாதக் கணக்கு மட்டும் போதாது, முன்தொடைத் தசையின் பலம் மற்றக் காலுக்கு ஈடாக வர வேண்டும், ஒற்றைக் காலில் தாண்டும் தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

என் வலக்கை மணிக்கட்டு உனக்குத் தெரியும். கிணற்றடியில் வழுக்கி விழுந்து, ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டிருந்தேன். கட்டைப் பிரித்த அன்றே, வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பச் சொல்லி, தினமும் மூன்று வேளை செய்யச் சொன்னார்கள். நான்கு நாள் செய்தேன். வலித்தது, எலும்புதான் கூடிவிட்டதே, சமையல் வேலை செய்தாலே கை சரியாகிவிடும் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஐந்து மாதம் கழித்து, கை இறுகிப்போன பிறகு மறுபடியும் போய், எவ்வளவோ முயன்றும் பாதிதான் மீண்டது. இன்றும் கோயிலில் தீர்த்தம் வாங்கும்போது உள்ளங்கை முழுதாக மேல்நோக்கித் திரும்பாமல், வாங்கியதில் பாதி விரலிடுக்கில் வழிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அந்த நான்கு நாள் நினைவுக்கு வருகிறது. எனக்கு வலி வந்ததால் விட்டேன், நீ வலி போனதால் விட்டிருக்கிறாய் என்பது நேற்று நீ பேசியதிலிருந்தே புரிந்தது.

படியில் ஒற்றைக் காலால் ஏறி மெதுவாக இறங்குவதும், சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்கார்ந்த நிலையில் நிற்பதும் உன்னைப்போல் களத்தில் ஓடிய பெண்ணுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இப்போதைக்கு உன் ஆட்டமே அதுதான், மகளே. வலியும் வீக்கமும் திரும்பினால் மட்டும் குறைத்துக்கொண்டு உன் பிசியோவிடம் சொல். போட்டிக்கு வரவில்லை என்று பயிற்சியாளரிடம் நீயே சொல்லிவிடு. தயக்கமாக இருந்தால் நான் பேசுகிறேன்.

இத்துடன் தையல் பெட்டியிலிருந்த இன்ச் டேப்பை அனுப்புகிறேன். முழங்கால் சில்லுக்கு மேலே 10 சென்டிமீட்டரில் அடையாளம் வைத்து, அந்த இடத்தில் இரண்டு தொடைகளின் சுற்றளவையும் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை இரவு எனக்குச் சொல். வாராவாரம் நான் இங்கே நாட்காட்டியில் குறித்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா