லேடி ஹாலண்டுக்கு ஒரு வரி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய லண்டன் சீமாட்டிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பட்டு கவுன், முத்துமாலை, நடனம் எல்லாம் விரிவாக இருந்தன. லேடி ஹாலண்டுக்கு மட்டும், விருந்துகளுக்குப் பெயர்போனவர் என்று ஒரே ஒரு வரி. முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான்; மனசு கேட்கவில்லை.

லேடி ஹாலண்டின் சொந்தப் பெயர் எலிசபெத். அவருக்குப் பதினைந்து வயதில், தன்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவரோடு கல்யாணம். அது கசந்து, 1797-ல் விவாகரத்தாகி, ஹாலண்ட் பிரபுவை மணந்தார். விவாகரத்தானவர் என்று அதன்பின் அரசவையில் அவருக்கு இடமில்லை. பெரிய குடும்பத்துப் பெண்கள் பலர் அவர் வீட்டுப் படி ஏறவில்லை. சரி, ஆண்கள் வந்தார்கள். லண்டன் கென்சிங்டனில் இருந்த ஹாலண்ட் மாளிகை, அன்றைய பிரிட்டனின் இரு பெரும் கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் கூடாரமே ஆனது. அந்தக் கட்சியோ 1807-க்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் பெரும்பாலும் எதிர்க்கட்சிதான். தோற்றுக்கொண்டே இருப்பவர்களை வாரந்தோறும் கூப்பிட்டு, யார் பக்கத்தில் யார் என்று பார்த்து உட்காரவைத்து, சிதறாமல் வைத்திருப்பது சின்ன வேலையா? சாப்பிட வந்தவர்கள் பெயரை எழுதிவைக்கத் தனி நோட்டே இருந்தது. பிழைப்புப் போகிறதே என்று தறியை உடைத்த தொழிலாளர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று கவிஞர் பைரன் 1812-ல் பிரபுக்கள் சபையில் முதன்முதலாகப் பேசினாரே, அதற்கு முன் அவருக்கு ஆலோசனை சொன்னவர் ஹாலண்ட் பிரபு.

அதிகாரம் செய்வதிலும் அந்த அம்மாள் லேசுப்பட்டவர் இல்லை. விருந்துக்கு வந்த மெக்காலேயையே மணி அடிக்கச் சொல்லி ஏவியிருக்கிறார். 1831-ல் மெக்காலேயே அதைக் கடிதத்தில் எழுதினார். 1834-ல் எங்கள் உதகையில் வந்து தங்கிய அதே மெக்காலே! அப்புறம் டேலியா பூ. 1804-ல் மாட்ரிடிலிருந்து இங்கிலாந்துக்கு அதன் விதைகளை அனுப்பியதும் இவர்தான். என் வாசலில் அது பூக்கும்போதெல்லாம் இவர் நினைவு வரும்.

ஆனால் கட்டுரை அடியோடு விட்டுவிட்டது ஒன்று உண்டு. எலிசபெத்தின் பிறந்த வீட்டுச் சொத்து ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்கள். அங்கே பாடுபட்டவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1807-ல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்டத்தை ஆதரித்த ஹாலண்ட் பிரபு, அந்தத் தோட்டங்களின் வருமானத்தையும் அனுபவித்தார். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு, ஒரு தோட்டத்தில் யார் உழைத்தார்கள் என்று கேட்காமல் அதன் சொத்தைப் பற்றிப் படிக்க முடிவதில்லை.

கட்டுரையாளர் இந்தத் தொடரை இன்னும் எழுதுவதாக அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த வாரம் ஜமைக்காவுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
உதகமண்டலம்