இருட்டில் பதிவான ஆறு பாட்டு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. நாலு மாதமாக ரெக்கார்டிங். டிரம்ஸ் வாசிக்கிற பையன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். எடுத்த பாட்டில் மூன்றை அழித்தாகிவிட்டது. கடைசியில், "டாக் டாக்கும் இப்படித்தானே செய்தார்கள் அப்பா" என்றாய்.

எனக்கே சொல்கிறாயே! டாக் டாக் என்கிற அந்த இங்கிலாந்துக் குழுவின் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவனே நான்தான். "பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்" என்று கேட்டுக்கொண்டே நீ தூங்கிப்போவாய்.

அவர்களுக்கும் உனக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 1984இல் 'இட்ஸ் மை லைஃப்' ஆல்பத்தின் சின்தசைசர் பாட்டுகளிலும், 1986இல் 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' ஆல்பத்திலும் பேர் வாங்கிய பிறகுதான் குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸ் இந்த விளையாட்டில் இறங்கினார். ஈ.எம்.ஐ. ரெக்கார்ட் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது. உங்களுக்கு யார் கொடுக்கிறார்கள்? நீ வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு.

லண்டன் ஹைபரியில் வெசெக்ஸ் ஸ்டுடியோ. முன்பு சர்ச் ஹாலாக இருந்த இடம். 1987இல் அங்கே போய் விளக்கையெல்லாம் அணைத்தார்கள். எண்ணெய்ச் சக்கரம் சுற்றுகிற புரொஜெக்டர் சுவரில் நிறத்தை ஓடவிடும், அதுதான் வெளிச்சம். வாசிக்க வருகிறவர் தட்டுத்தடுமாறி உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, தோன்றியதை வாசிக்க வேண்டும். இப்படி வாசி, அப்படி வாசி என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயலினுக்கு நைஜல் கென்னடி, டபுள் பேஸுக்கு டேனி தாம்சன் என்று பெரிய கைகள். மணிக்கணக்கில் வாசித்ததில் சில நொடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிந்தார்கள். ரெக்கார்டைத் தயாரித்த டிம் ஃப்ரீஸ்-கிரீன் வாசித்திருப்பது நம் வீட்டுப் பரணில் இருப்பது போன்ற ஹார்மோனியம்தான் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஒருமுறை பெரிய கோரஸ் குழு ஒன்றை வரவழைத்துப் பதிவு செய்தார்களாம். அற்புதமாக வந்ததாம். மறுநாள் காலை ஹாலிஸ் அதை அழிக்கச் சொல்லிவிட்டார். இதைச் சொன்னவர் அந்த ரெக்கார்டின் இன்ஜினியர் ஃபில் பிரவுன். நீ ஹாலிஸைப் பார்க்கிறாய். நான் பிரவுனைத்தான் பார்ப்பேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், இருட்டில், அதே ஆறு பாட்டு, மாதக்கணக்கில். வீட்டுக்குப் போய் அவர் என்ன பேசியிருப்பார்?

என் கதை ஒன்று உனக்குத் தெரியாது. ரெக்கார்டிங் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாதஸ்வர வித்வான் வாசித்த நாற்பது நிமிடத் தோடியின் மேலேயே அடுத்த பதிவை ஏற்றிவிட்டேன். டேப் ஸ்பூலில் சீட்டு ஒட்டாதது என் தப்பு. காலில் விழாத குறையாக நின்றேன். அவர் சீவாளியைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, காபி சொல்லு" என்றார். குடித்துவிட்டு மறுபடி வாசித்தார். முதலில் வாசித்தது போல வரவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றிலிருந்து அழிக்கிற பட்டன் பக்கம் கை போனாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

1988இல் ரெக்கார்ட் வந்தது. ஆறே பாட்டு. இதை எப்படி விற்பது என்று கம்பெனிக்குப் புரியவில்லை. ஒப்பந்த விஷயம் கோர்ட் வரை போய், கடைசியில் குழு கம்பெனியை விட்டு வெளியே வந்தது. பேஸ் வாசித்த பால் வெப்பும் அடுத்த ரெக்கார்டுக்கு முன் போய்விட்டார். 1998இல் ஒரு தனி ஆல்பம் போட்டார் ஹாலிஸ். அப்புறம் குடும்பத்தோடு ஒதுங்கியவர்தான், 2019இல் காலமானார்.

நேற்று ராத்திரி மறுபடி கேட்டேன். முதல் பாட்டில் அந்த டிரம்பெட் தூரத்திலிருந்து வந்து, ரொம்ப நேரம் ஒன்றும் நடக்காமல், ஹார்மோனிகா கரகரவென்று கிழித்துக்கொண்டு வருகிற இடம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மிக்ஸியா?" என்றாள். மனதாரச் சொல்கிறேன், நல்ல ரெக்கார்டுதான். அந்தக் கோரஸ் இருந்திருந்தால் கெட்டிருக்குமா என்பதுதான் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அந்தப் பையனுக்கு நீயே போன் பண்ணு. மூன்று பாட்டில் ஏதாவது யார் லேப்டாப்பிலாவது மிச்சம் இருந்தால், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்பு.

அப்பா