என் பையைக் கட்டித் தந்தவர்களுக்கு

போன சனிக்கிழமை இலங்கை மலைநாட்டில் ஓஹியாவில் தொடங்கி அப்புத்தளை வரை 50 கிலோமீட்டர் சுற்றிச் சுற்றி ஓடி முடித்தேன், 11 மணித்தியாலம் 20 நிமிடம். மரதன் 42.195 கிலோமீட்டர், அதைத் தாண்டினால் அல்ட்ரா என்பார்கள், ஆகவே ஒரு கிழமைக்காவது நானும் பெருமையடித்துக்கொள்கிறேன். வாழ்த்துச் சொன்னவர்கள் எல்லோரும் என் காலைத்தான் விசாரிக்கிறீர்கள், முதுகில் கிடந்த பையை யாரும் கேட்கவில்லை.

பெரியம்மா, முதல் நன்றி உங்களுக்கு. முந்தின நாள் என் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "என்னடா, கொழும்புக்குக் குடி போறியா?" என்றீர்களே! தராசில் வைத்தால் தண்ணீர் இல்லாமலே ஐந்தரைக் கிலோ. முப்பது வருசம் தேயிலைக் கொழுந்து சுமந்த முதுகுக்குத் தெரியாததா? எல்லாவற்றையும் பாயில் கொட்டி, பெரிய பவர் பேங்க், இரண்டாவது டீசேர்ட், துவாய் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி, மீதிப் பாரத்தை முதுகோடு ஒட்டினாற்போல் அடுக்கித் தந்தீர்கள். ஏற்பாட்டாளர்கள் கட்டாயம் என்று சொன்ன மழை அங்கி, தலை லைட், விசில், ஃபொயில் போர்வை, இவற்றை மட்டும் கெஞ்சிக் கூத்தாடிக் காப்பாற்றினேன். இரண்டரைக் கிலோவில் நின்றது.

அம்மா உள்ளங்கை அளவில் தேங்காய் ரொட்டி சுட்டுத் தந்தார், உப்பு கொஞ்சம் தூக்கலாக. சூட்டோடு லன்ச் சீட்டில் (சோறு கட்டும் பொலித்தீன் தாளில்) சுற்றப் போன என் கையில் ஓர் அடி: வியர்த்து ஊசிப்போகுமாம், ஆறின பிறகுதான் சுற்ற வேண்டுமாம். கூடவே கித்துல் கருப்பட்டி, பல்லுக்கு அகப்படும் துண்டுகளாக. நானோ மணிக்கு 60 கிராம் மாச்சத்து என்று கணக்குப் போட்டு, இணையத்தில் வாங்கிய, ஓடுபவர்கள் சக்திக்குச் சாப்பிடும் ஜெல்லை நம்பிப் போனேன். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் ஓட்டத்தன்று வாயில் வைக்காதே என்று பயிற்சி தந்த அண்ணன் எத்தனை தடவை சொன்னார், கேட்டேனா? இரண்டாவது ஜெல்லோடு வயிறு புரட்டிவிட்டது. அப்புறம் கடைசிவரை ரொட்டியும் கருப்பட்டியும்தான்.

பாமசியில் வேலை செய்யும் தங்கச்சிக்கும் நன்றி. ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூள் பக்கெட்டைத் தந்து, பக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும் என்று சொல்லி அனுப்பினாள். அட்டை ஏறாதபடி மேசுக்கு (காலுறைக்கு) மேல் சவர்க்காரம் தேய்த்துவிட்ட பக்கத்து லயத்து மாமா, அட்டை இரண்டே இரண்டுதான் கடித்தது!

கடைசியாக, இதல்கஸ்ஹின்ன பக்கம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா. மழையும் காற்றும் அடித்த அடியில் என் அங்கியின் சிப் போய், பல் கிடுகிடுக்க நின்றவனைக் கூப்பிட்டு, போத்தலில் இருந்த பிளேன்டீயை ஊற்றித் தந்து, தன் இடுப்பில் கட்டியிருந்த படங்கு விரிப்பை அவிழ்த்து என் தோளில் சுற்றிக் கட்டிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்காமல் ஓடிவிட்டேன். படங்கைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். அம்மா ரொட்டியும் சுட்டு அனுப்புவதாகச் சொல்கிறார்.